பிள்ளை பேசாதது தலைவிதியா?

(கூடலூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேசப் போவது கோவிலைப் பற்றியோ புரோகிதரைப் பற்றியோ அல்ல. பிள்ளைகளைப் பற்றியே பேசப் போகின்றோம். அதிலும் பேச வேண்டிய வயதில் பேசாமலும், நடக்க வேண்டிய வயதில் நடக்காமலும், கூப்பிட்டால் திரும்பிப் பாராமலும் இருக்கிற பிள்ளைகளைப் பற்றியே பேசப் போகின்றோம். இதற்குள்ளே கோவிலும் ஜோசியமும் தாமாகவே வந்து சேருமானால் அது நம்முடைய குற்றமல்ல. அவை நமக்கு முன்னதாகவே அங்கே போய் உட்கார்ந்திருக்கின்றன.

நாம் வைத்தியரல்ல. பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவருமல்ல. கைக்கெட்டிய புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததைச் சொல்லுகின்றோம். நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டிற்குப் போய் உங்கள் பிள்ளையைப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியரைக் கேளுங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

தோழர்களே! ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இன்னும் 'அம்மா' என்று சொல்லவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். என்ன நடக்கிறது? பாட்டியார், "ஆண்பிள்ளை மெதுவாய்த்தான் பேசும், இவன் அப்பனும் நாலு வயதில்தான் வாய் திறந்தான்" என்கிறார். பக்கத்து வீட்டு அத்தை வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தேய்க்கச் சொல்லுகிறார். ஜோசியரோ ஜாதகத்தை விரித்து, "இரண்டாமிடமாகிய வாக்கு ஸ்தானத்தில் சனி உட்கார்ந்திருக்கிறான், இரண்டரை வருஷம் பொறுத்தால் நகர்ந்துவிடுவான்" என்கிறார். இன்னொருவர், "குமரகுருபரர் ஐந்து வயது வரையில் பேசவில்லை, திருச்செந்தூருக்குக் கொண்டு போனார்கள், பாட்டாகவே பாடிவிட்டார், நீயும் வேண்டிக்கொள்" என்கிறார்.

சனி நகருகிறானோ இல்லையோ, வருஷம் நகர்ந்துவிடுகிறது. ஜோசியர் சொன்ன அந்த இரண்டரை வருஷம் கழிந்தால் பிள்ளைக்கு வயது நாலரை. பிள்ளை பாஷையைக் கற்றுக்கொள்ளுவதற்கு மூளை மிகுந்த இளக்கமாக இருக்கிற காலம் முதல் சில வருஷங்களேயாகும். அந்த வருஷங்களைத்தான் சனிக்குத் தட்சிணையாகக் கொடுத்து விடுகிறோம். தேங்காயும் பழமும் போனால் மறுபடி வாங்கலாம். ஒரு பிள்ளையின் இரண்டாவது வயதையும் மூன்றாவது வயதையும் எந்தக் கடையில் வாங்குவது?

"வேண்டிக்கொண்டு பேசிய பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கின்றன. தாமதமாகப் பேச ஆரம்பிக்கிற பிள்ளைகளில் பல, வேண்டிக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும், தாமாகவே பேசிவிடும். பேசிய பிள்ளைக்கு மொட்டையடித்து ஊர் முழுவதும் காட்டுகிறார்கள். அதே கோவிலுக்குப் போய் வந்து பேசாமலேயே இருந்துவிட்ட பிள்ளைகளை யார் கணக்கெடுத்தார்கள்? எந்தப் பிள்ளை தானாகத் தேறும், எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்பதைச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியுமேயல்லாமல் சும்மா காத்திருந்தால் தெரியாது. மூன்று வயதில் சம்பந்தர் ஞானப்பால் குடித்துப் பதிகம் பாடினார் என்பதை நம்புகிறவர்கள், தங்கள் மூன்று வயதுப் பிள்ளை தண்ணீர் வேண்டுமென்று கேட்கவில்லையே என்பதற்குக் கவலைப்படாமலிருப்பது ஆச்சரியமல்லவா?

ஜாதகக் கட்டமும் வளர்ச்சிக் கட்டமும்

பிள்ளை வளருவதற்கு ஒரு கணக்கு உண்டு. அது பிரமன் எழுதியதல்ல. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கண்ணால் பார்த்து மனிதர்கள் எழுதியது. அமெரிக்காவில் ஏல் சர்வகலாசாலையில் அர்னால்டு கெசல் என்பவர் 1911-ஆம் வருஷத்தில் இதற்கென்று ஒரு நிலையம் தொடங்கி, எந்த மாதத்தில் பிள்ளை தலை நிமிருகிறது, எந்த மாதத்தில் உட்காருகிறது, எப்பொழுது விரல் நுனியால் சிறு பொருளை எடுக்கிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்துக் குறித்தார். அதற்குப் பின்னர் பல தேசத்தாரும் தங்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக் கணக்குகளைத் திருத்தினார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாடுகாணி இறக்கத்துக்கு அப்பால் இருக்கிற கேரளத்திலேயே, திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில், டாக்டர் எம். கே. சி. நாயரும் அவர் தோழர்களும் ஒரு கட்டம் தயாரித்து 1991-இல் வெளியிட்டார்கள். அதில் மொத்தம் 17 காரியங்கள்தான் உண்டு. முதலாவது, முகம் பார்த்துச் சிரிப்பது. கடைசி, பொம்மையின் கண், மூக்கு, கை முதலியவற்றைத் தொட்டுக் காட்டுவது. ஒவ்வொரு காரியத்துக்கும், பிள்ளைகள் அதைச் செய்யத் தொடங்குகிற மாதம் முதல் பெரும்பாலான பிள்ளைகள் செய்து முடித்துவிடும் மாதம் வரையில் ஒரு கோடு போட்டிருக்கும். பிள்ளையின் வயது எந்த மாதமோ அந்த இடத்தில் ஒரு பென்சிலை நேராக நிறுத்தி வைக்க வேண்டியது. பென்சிலுக்கு இடதுபுறமாக முடிந்துபோன காரியங்களையெல்லாம் பிள்ளை செய்கிறதா என்று பார்க்க வேண்டியது. செய்யாவிட்டால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். இவ்வளவுதான் வித்தை. சில நிமிஷ வேலை. பெரிய யந்திரம் வேண்டியதில்லை. அங்கன்வாடி அம்மாள் செய்யலாம், எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் பழகிக்கொள்ளலாம்.

ஜாதகத்திலும் கட்டம் இருக்கிறது, இதிலும் கட்டம் இருக்கிறது. ஜாதகக் கட்டம் பிள்ளையைப் பார்க்காமலேயே பலன் சொல்லுகிறது. இந்தக் கட்டமோ பிள்ளையைப் பார்க்காமல் ஒரு வார்த்தையும் சொல்லுவதில்லை. ஜாதகம் "இவ்வளவுதான் விதி" என்று கதவைச் சாத்துகிறது. இது "மேலே போய் விசாரி" என்று வழியைக் காட்டுகிறது. எது அறிவுக்குப் பொருந்தியது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வீட்டில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய சிலவற்றைச் சொல்லுகின்றோம். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். நாலு மாதத்தில் தலை நிற்க வேண்டும். ஒன்பது மாதத்துக்குள் பிடிமானமில்லாமல் உட்கார வேண்டும். ஒரு வயதில் 'பாபா', 'தாதா' என்று மழலை அடுக்க வேண்டும், கையாட்டுவது, வேண்டியதைச் சுட்டிக் காட்டுவது போன்ற ஜாடைகள் வந்திருக்க வேண்டும். பதினாறு மாதத்தில் அர்த்தமுள்ள ஒரு வார்த்தையாவது வர வேண்டும். பதினெட்டு மாதத்தில் நடந்திருக்க வேண்டும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். இவற்றில் எது தவறினாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். எந்த வயதிலானாலும், வந்திருந்த பேச்சோ சிரிப்போ திரும்பப் போய்விட்டால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. மாதம் நிரம்பாமல் பிறந்த பிள்ளைக்கு, இரண்டு வயது வரையில், எத்தனை மாதம் முந்திப் பிறந்ததோ அதைக் கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒன்று தவறினதாலேயே பிள்ளைக்கு வியாதி என்று அர்த்தமல்ல. காய்ச்சல் அளவு பார்க்கிற கோல் வியாதியின் பெயரைச் சொல்லுகிறதா? சூடு இருக்கிறது என்று மாத்திரம் சொல்லுகிறது. இதுவும் அப்படித்தான்.

முதற் கேள்வி: காது கேட்கிறதா?

பேசாத பிள்ளையைக் கண்டதும் எல்லோரும் நாக்கைப் பார்க்கிறார்கள். நாக்கில் வசம்பு, நாக்கில் தேன், நாக்கில் வேலால் எழுதுவது, நாக்கின் அடியிலுள்ள சவ்வை அறுக்கச் சொல்லுவது! நாக்கின் அடிச் சவ்வு இறுகியிருந்தால் பால் குடிப்பதிலோ சில எழுத்துக்களின் உச்சரிப்பிலோ சங்கடம் வரலாமேயொழிய, அதனால் பிள்ளை பேச்சே இல்லாமல் போய்விடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பது ஆபத்து என்றும் வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது காதை. காதால் கேளாத பாஷையை வாய் எப்படிப் பேசும்? நாம் சீன பாஷை பேசாததற்கு நம் நாக்கில் தோஷமா? கேட்டதில்லை, ஆகையால் பேசவில்லை. அவ்வளவுதான். பிறக்கும் பிள்ளைகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாவது காது கேளாமல் பிறப்பதாகப் பல தேசத்துக் கணக்குகள் சொல்லுகின்றன. அப்படிப் பிறந்த பிள்ளையும் முதல் மாதங்களில் மற்றப் பிள்ளைகளைப் போலவே மழலை எழுப்பும். அதனால் தாயார் ஏமாந்து போகிறார். தட்டைத் தட்டிப் பார்த்துப் பிள்ளை திரும்பினதும் "காது கேட்கிறது" என்று முடிவு கட்டுவதும் தவறு. அது அதிர்வினால் திரும்பியிருக்கலாம், நிழலைக் கண்டு திரும்பியிருக்கலாம், அல்லது பெருஞ்சத்தம் மாத்திரம் கேட்டுப் பேச்சு கேளாமலிருக்கலாம்.

பிறந்த இரண்டாவது நாளிலேயே காதைச் சோதிக்க இப்பொழுது கருவி இருக்கிறது. காதுக்குள் ஒரு சிறு குழாயை வைத்து மெல்லிய ஓசை எழுப்பினால், நல்ல உட்காது அதற்கு எதிரொலி கொடுக்கும். அந்த எதிரொலியைக் கருவி பிடித்துக்கொள்ளும். இன்னொரு பரீட்சையில், தூங்குகிற குழந்தையின் தலையில் சிறு தகடுகளை ஒட்டி, ஓசை மூளை வரை போகிறதா என்று பார்க்கிறார்கள். குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை, வலியுமில்லை. ஒரு மாதத்துக்குள் முதற் சோதனை, மூன்று மாதத்துக்குள் நிச்சயம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது வைத்தியர்கள் வைத்திருக்கிற ஒழுங்கு. அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யத்தில் ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட முடிவு என்னவென்றால், ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து உதவி செய்யப்பட்ட பிள்ளைகள், பின்னால் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளைவிடப் பாஷையில் மிகவும் முன்னேறியிருந்தார்கள் என்பதாகும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், உட்காதில் கருவி பொருத்தும் ரண சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. அது ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. சனி நகரட்டும் என்று காத்திருந்து ஏழாவது வயதில் போய் நின்றால் என்ன பதில் கிடைக்கும்? கருவி பொருத்தினதோடும் வேலை முடிவதில்லை. மாதக்கணக்காய், வருஷக்கணக்காய்ப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டும். கருவி பயன்படாத பிள்ளைக்குச் சைகை பாஷை இருக்கிறது. அதுவும் முழுமையான ஒரு பாஷையே. அப்பிள்ளையை 'ஊமை' என்று கூப்பிட்டு மூலையில் உட்கார வைப்பதற்கு நமக்கு யாதொரு யோக்கியதையும் கிடையாது.

நிற்க, காது கேளாமை எல்லாமே தடுக்க முடியாததுமல்ல. அக்காள் மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது என்று சொத்தும் சொந்தமும் வெளியே போகாமலிருக்கச் செய்கிற கல்யாணங்களில், இரு பக்கமும் மறைந்து கிடக்கும் ஒரே குறை ஒன்றாய்ச் சேர்ந்து பிள்ளைக்கு வெளிப்படும் அபாயம் அதிகம். பரம்பரையாய் வரும் காது கேளாமையில் இதற்குப் பங்கு உண்டு. அன்றியும் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாயாருக்கு ருபெல்லா என்னும் அம்மை கண்டால் குழந்தை காது கேளாமல் பிறக்கலாம். அதைத் தடுக்கிற ஊசியைத் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கினபோது என்னென்ன வதந்திகள் கிளம்பின! தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 1998-இல் லண்டனில் ஒரு டாக்டர் எழுதியதை, வெளியிட்ட பத்திரிகையே 2010-இல் தள்ளுபடி செய்துவிட்டது. ஆனாலும் நம் கைப்போனில் அது இன்னமும் சுற்றுகிறது. பழைய மூட நம்பிக்கை ஓலைச்சுவடியில் வந்தது. புதியது கைப்போனில் வருகிறது. வாகனம்தான் வேறு.

கூடலூர்ப் பிள்ளையும் பல பாஷையும்

தோழர்களே! நம் ஊர் மூன்று ராஜ்யங்கள் சந்திக்கிற இடம். கடைத்தெருவில் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் கேட்கும். 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினவர்களின் மலைநாட்டுத் தமிழ் ஒருபுறம். படகர் பாஷை ஒருபுறம். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் ஆகியோரின் வீட்டுப் பேச்சு வேறு. இப்படிப்பட்ட ஊரில் இரண்டு விதமான தவறு நடக்கிறது.

ஒன்று, பிள்ளை பேசத் தாமதித்தால் "இரண்டு மூன்று பாஷை கேட்டுக் குழம்பிவிட்டது, ஒன்றை நிறுத்துங்கள்" என்பது. இது சரியல்ல. பல பாஷை கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சுக் குறை வருவதில்லை. எண்ணும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். தமிழில் ஐந்து வார்த்தை, மலையாளத்தில் ஐந்து வார்த்தை தெரிந்தால் பிள்ளைக்குத் தெரிந்தது பத்து என்று கணக்கு வைக்க வேண்டும். ஒரு பாஷையை மாத்திரம் எண்ணிவிட்டுக் குறை என்று சொல்லக் கூடாது. குறையிருக்கிற பிள்ளைக்கோ எல்லாப் பாஷையிலும் குறையிருக்கும். ஆகவே பாஷைக் குழப்பம் என்று சாக்குச் சொல்லி அதைக் காத்திருக்க வைக்கவும் கூடாது.

மற்றொன்று இதைவிடக் கொடியது. பணியர் வீட்டுப் பிள்ளை தன் குடிசையில் தன் பாஷையில் கலகலவென்று பேசிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. அங்கே தமிழில் கேட்ட கேள்விக்கு விழிக்கிறது. உடனே "மந்தம்" என்று பட்டம்! ஜாதியைப் பார்த்தே புத்தியை அளந்து பழகினவர்களுக்கு இந்தப் பட்டம் சுலபமாக வந்துவிடுகிறது. வாத்தியாருக்குப் பணியர் பாஷை தெரியாததற்கு யார் மந்தம்? பிள்ளையை அதன் வீட்டுப் பாஷையில், அதன் தாயாரை வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டியதே முறை. அதுபோலவே உண்மையில் காது கேளாத பழங்குடிப் பிள்ளையையும் "இவர்கள் பிள்ளைகளே இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே அலட்சியம், நல்ல பிள்ளையை மந்தமாக்குகிறது, உதவி வேண்டிய பிள்ளையைக் கைவிடுகிறது.

பிடிவாதமும் 'பேயும்'

இரண்டு வயதுப் பிள்ளை தரையில் புரண்டு அழுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. அதற்கு அடியும் வேண்டியதில்லை, தாயத்தும் வேண்டியதில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், கண்ணோடு கண் பாராமல், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமல், ஒரே பொருளைச் சுழற்றிக்கொண்டோ வரிசையாய் அடுக்கிக்கொண்டோ தனியே இருக்கிற பிள்ளையைக் கவனிக்க வேண்டும். இதை 1943-இல் அமெரிக்க டாக்டர் லியோ கானர் பதினொரு பிள்ளைகளைப் பார்த்து எழுதினார். ஆட்டிசம் என்று அதற்குப் பெயர். திடீர் திடீரென்று வெறித்துப் பார்த்து நின்றுவிடுவதும், வெட்டி இழுப்பதும் வலிப்பாக இருக்கலாம். அதற்கு மருந்து இருக்கிறது. மந்திரவாதியின் வேப்பிலைக்கு அங்கே வேலையில்லை.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் தாயாரே குற்றவாளி. அவள் கிரகணத்தைப் பார்த்தாள், அவள் வந்த வேளை சரியில்லை, அவள் முன் ஜென்ம பாவம்! படித்த தேசங்களும் இதில் சுத்தமல்ல. அன்பில்லாத தாயாரால்தான் ஆட்டிசம் வருகிறது என்று புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் பெரிய புத்தகமே எழுதினார். அது பொய்யென்று பின்னால் தள்ளப்பட்டது. பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக நம்பாமல், ஆராய்ந்து தள்ளினார்கள். அதுதான் பகுத்தறிவு. உண்மையில் தாயாருடைய சந்தேகந்தான் வைத்தியருக்குக் கிடைக்கிற முதல் சாட்சி. "என் பிள்ளை ஏதோ வித்தியாசமாயிருக்கிறது" என்று ஒரு தாயார் சொன்னால், "உனக்கென்ன தெரியும்" என்று வாயை அடைப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகமாகும்.

அழுகிற பிள்ளையின் கையில் கைப்போனைக் கொடுத்து உட்கார வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் சொல்லிற்று. போன் பிள்ளையோடு பேசும், பிள்ளை சொல்லுவதைக் கேட்டுப் பதில் சொல்லாது. பிள்ளை பேசக் கற்பது பதில் சொல்லுகிற மனிதரிடத்திலேயே.

செய்ய வேண்டியது என்ன?

"எல்லாம் சரி, தோட்டத்தில் ஒருநாள் கொழுந்து எடுக்காவிட்டால் நாட்கூலி போய்விடுமே, ஊட்டிக்கும் மைசூருக்கும் எப்படி அலைவது?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். அதனால்தான் இதை ஒவ்வொரு வீட்டின் சொந்தக் கவலையாக விடாமல், ஊரார் சேர்ந்து கேட்க வேண்டிய உரிமை என்கின்றோம்.

சர்க்காரின் திட்டம் காகிதத்தில் இல்லாமலில்லை. 2013 பிப்ரவரியில் ஆரம்பித்த பால் ஸ்வாஸ்திய காரியக்கிரமம் என்னும் தேசியத் திட்டத்தின்படி, வைத்தியர் கோஷ்டி வருஷத்துக்கு இருமுறை அங்கன்வாடிக்கும் ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கும் வந்து, பிறவிக் குறை, சத்துக் குறை, வியாதி, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். குறை கண்ட பிள்ளைகளை ஜில்லாவிலுள்ள ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டும். கோஷ்டி உங்கள் அங்கன்வாடிக்கு வந்ததா? வந்தவர்கள் எடை மாத்திரம் பார்த்தார்களா, பேச்சையும் காதையும் பார்த்தார்களா? கேளுங்கள். கேட்காத இடத்தில் எந்தத் திட்டமும் தானாக நடக்காது.

தோட்டங்களில் ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டுமென்று 1951-ஆம் வருஷத்துச் சட்டமே விதித்தது. பிள்ளை மடுவம் என்றால் தொட்டில் கட்டி அழுகையை அடக்குகிற இடம் என்று நினைத்துவிட்டோம். நாளெல்லாம் இருபது பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கிற ஆயாவைவிட, பின்தங்கின பிள்ளையைக் கண்டுகொள்ள வல்லவர் யார்? அந்த அம்மாளுக்கு மேலே சொன்ன 17 காரியங்களைப் பழக்கிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியிலும் ஒரு மாறுதல் வேண்டும். இருமலென்று கொண்டு போனால் இருமலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கூட்டம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் தடுப்பூசிக்காக ஒன்பதாவது மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் எல்லாப் பிள்ளைகளும் எப்படியும் வருகின்றன. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் வளர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுகிற 9, 18, 30 ஆகிய மூன்று மாதங்களில் இரண்டு இந்தச் சமயத்திலேயே வந்துவிடுகின்றன. அந்த இரண்டு நாட்களில், "பிள்ளை என்ன பேசுகிறது? கூப்பிட்டால் திரும்புகிறதா? உங்களுக்கு ஏதாவது சந்தேகமுண்டா?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? வைத்தியர் கேட்காவிட்டால் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பக்கத்திலுள்ள மைசூரில், பேச்சுக்கும் காதுக்குமென்றே அகில இந்தியப் பேச்சு, செவி நிலையம் என்று 1965-இல் ஏற்பட்ட மத்திய சர்க்கார் ஸ்தாபனம் இருக்கிறது. நம் ஊரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாக அரை நாள் பிரயாணத்துக்கும் குறைவு. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழாயிருந்த குறைபாடுகளின் பட்டியலை இருபத்தொன்றாக்கி, ஆட்டிசத்தையும் பேச்சுக் குறையையும் படிப்பில் வரும் தனிக் குறையையும் அதில் சேர்த்திருக்கிறது. சர்டிபிகேட் வாங்குவது அவமானமல்ல. அது பிள்ளையின் பாத்தியதை.

ஆகவே தோழர்களே! கோவிலுக்குப் போகாதே என்று இன்று நாம் யாரையும் தடுக்க வரவில்லை. போகிறவர்கள் போங்கள். ஆனால் வேண்டுதலுக்குப் பத்து நாள் கழித்துப் போனாலும் சாமி கோபித்துக் கொள்ளாது என்கிறார்கள், பிள்ளையின் மூளையோ பத்து மாதம் கழித்துப் போனால் அதே நிலையில் இருப்பதில்லை. எது காத்திருக்குமோ அதைக் காத்திருக்க விடுங்கள். எது காத்திராதோ அதை முதலில் செய்யுங்கள். உங்கள் தெருவில், உங்கள் லயத்தில், உங்கள் பாடியில் இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளை ஒன்று இருந்தால், அது யார் வீட்டுப் பிள்ளை, என்ன ஜாதிப் பிள்ளை என்று பாராமல், அதன் தாயாரைக் கூட்டிக்கொண்டு காதைச் சோதிக்க ஒருவர் துணையாகப் போங்கள். இந்தக் கூட்டத்தினால் அப்படி ஒரு பிள்ளை ஒரு வருஷம் முந்தி ஆஸ்பத்திரிக்குப் போகுமானால், நாம் இவ்வளவு நேரம் பேசினதற்கும் நீங்கள் குளிரில் உட்கார்ந்து கேட்டதற்கும் அதுவே போதுமான பலன் என்று சொல்லி இத்துடன் முடித்துக் கொள்ளுகின்றோம்.